பக்கம் கேட்காத ஐஸ் அரங்கு

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட்டில் ஒருவர் போட்டிருக்கிற உதைபந்தாட்ட ஜேர்சியே பெரும்பாலும் அவர் எந்தப் பக்கம் எண்டு சொல்லிவிடும்: செல்டிக் எண்டால் கத்தோலிக்கர், ரேஞ்சர்ஸ் எண்டால் புரட்டஸ்தாந்தினர். 1998இல் சமாதான உடன்படிக்கை வந்தது. 2000இல் பெல்பாஸ்ட் ஜயன்ட்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணி உருவானது. அந்த ஊரில் ஐஸ் ஹொக்கிக்குப் பழைய பகை எதுவும் இல்லை. ஆரம்பகால வீரர்களில் பலர் கனடாக்காரர். அணியின் நிறமாகப் பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் மயில்நீலத்தை எடுத்தார்கள். அரங்குக்குள் உதைபந்தாட்ட ஜேர்சிக்குத் தடை. இரண்டு பக்கத்துச் சனமும் ஒரே வரிசையில் இருந்து ஒரே கோலுக்குக் கத்தினார்கள்.

நகரைப் பிரிக்கும் 'சமாதானச் சுவர்கள்' பல இன்னும் நிற்கின்றன. விளையாட்டு சுவரை இடிக்கும் எண்டு நாங்கள் நம்பவில்லை. ஆனால் சேர்ந்திருக்கிற இடம் தானாக வராது, யோசித்துத்தான் உருவாக்கவேணும் எண்டதை பெல்பாஸ்ட்டிடம் இருந்து எடுத்துக்கொள்கிறோம்.