முனகலில் பிறந்த கருவி

நாமக்கல், ராசிபுரம் பக்கம் குறைமாதத்தில் பிள்ளை பிறந்து, சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால், "பொட்டியில வெச்சிருக்காங்க" என்று சொந்தங்களுக்குச் சேதி போகும். பெட்டி சூடு தரும். மூச்சுக்குத் துணை நிற்பது இன்னொன்று: மூக்கில் பொருத்திய குழாயும், அதன் மறுமுனை முங்கியிருக்கும் தண்ணீர்க் குடுவையும். ஓயாமல் களகளக்கும் அதன் பெயர் பபிள் சிபாப்.

அது பிறந்ததே ஓர் ஓசையிலிருந்துதான். குறைமாதக் குழந்தை மூச்சை விடும்போதெல்லாம் நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பூச்சு அதற்குப் போதாது என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். காரணம் தெரிந்தும் கருவி இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக், பிறந்து 39 மணி நேரத்தில் இதே நோயால் இறந்தான்.

இப்படித் திணறும் குழந்தைகள் ஒவ்வொரு மூச்சு விடும்போதும் முனகும். அதை வேதனையின் குரல் என்று விட்டுவிடாமல் ஆராய்ந்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மருத்துவர்கள். தொண்டைக்குள் குழாய் செருகினால் குழந்தையால் முனக முடியாது. அப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியது. 1968இல் இதை வெளியிட்டார்கள். குரல்வளையைப் பாதி மூடி, கொஞ்சம் காற்றை உள்ளேயே நிறுத்திக்கொள்ள அந்தப் பிஞ்சு கண்டுபிடித்த உபாயம்தான் முனகல்.

குழந்தை செய்ததைக் கருவி செய்தால்? சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரியும் உடனிருந்தவர்களும் விடாத அழுத்தத்தில் காற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1971இல் வந்த அவர்கள் கட்டுரையில், 20 குழந்தைகளில் 16 பிழைத்திருந்தன. பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர் ஜென்-டியன் வுங், மூக்குக் குழாயும் தண்ணீரும் கொண்ட எளிய முறையை வளர்த்தார். குழாய் 5 செ.மீ. ஆழம் முங்கினால் அழுத்தமும் 5 செ.மீ. தண்ணீர் அளவு. விலை குறைவு, பழுதாக அதிகம் எதுவுமில்லை.

ஆனால் முனகலை நிறுத்திய கருவி தன் இரைச்சலைக் கொண்டுவந்தது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஓசை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997இல் பரிந்துரைத்தது. 2003இல் பிரிட்டனில் குழந்தைகளின் காதிலும் மூக்கின் பின்புறத்திலும் நுண்ணிய மைக் வைத்து அளந்தார்கள்: சிபாப்பில் இருந்த குழந்தைகளுக்கு இரைச்சல் கூடுதல், காற்றின் வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. வார்டில் பேச்சைக் குறைக்கலாம், கதவை மெதுவாகச் சாத்தலாம். மூக்குக்குள்ளேயே பிறக்கும் இரைச்சலைப் பெட்டியின் சுவர் எப்படித் தடுக்கும்?

குமிழ்ச் சத்தத்தை முழுக்க ஒழிக்கவும் முடியாது. களகளப்பு நின்றால் எங்கோ காற்று கசிகிறது என்று நர்ஸ் ஓடிவருவார். தேவையற்ற சத்தத்தைக் குறைக்கலாம்: மூக்குக்குப் பொருந்தும் அளவில் குழாய், குமிழ் வரப் போதுமான காற்று மட்டும், குழாயில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்தல், அலாரம் அடித்ததும் கவனித்தல். இதற்கெல்லாம் புது எந்திரம் வேண்டாம், கைப்பழக்கம் போதும். குடுவையில் அழுத்தம் பார்க்கக் கோடு போட்டிருக்கிறார்கள். ஓசையை அளப்பதும் அதேபோல அன்றாட வேலையாகிவிட்டால் கருவி முழுமையாகும்.