நான்கட்டாய் வந்த வழி

சென்ற தீபாவளிக்குப் பெங்களூரில் இருக்கும் என் பேத்தி தொலைபேசியில் கேட்டாள்: "தாத்தா, கொள்ளுப்பாட்டி பண்ணுவாளாமே நான்கட்டாய், அது தஞ்சாவூர் பக்ஷணமா?" எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் உறுத்தலும் வந்தது. அந்தப் பண்டத்தின் கதையில் பாதியை நான் என் தாயாரிடம் கடைசி வரை சொல்லவில்லை.

1979-ல் மத்திய அரசுப் பணியில் எனக்குச் சூரத்துக்கு மாற்றலாயிற்று. தாயாரும் எங்களோடு வந்தார். மடி, ஆசாரம் விடாதவர். பேக்கரிப் பண்டம் எதையும் தொடமாட்டார். ஊர்ப் பெருமை என்று ஒரு பெட்டி நான்கட்டாய் வாங்கி வந்தேன்.

"ஏண்டா, முட்டை போட்டிருப்பானோ?"

"இல்லைம்மா. மாவு, நெய், சர்க்கரை, ஏலக்காய், பாதாம், பிஸ்தா. அவ்வளவுதான்."

"பண்ணின இடம்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பெட்டி அப்படியே இருந்தது.

பண்ணின இடத்தின் கதையை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 17-ஆம் நூற்றாண்டில் சூரத் மொகலாயர்களின் முக்கியத் துறைமுகம். ஆங்கிலேயர், டச்சுக்காரர் இருவரும் அங்கே பண்டகசாலை வைத்திருந்தனர். கிராம்பும் ஜாதிக்காயும் கிழக்குத் தீவுகளிலிருந்து டச்சுக் கப்பல்களில் வந்திறங்கின. டச்சுக்காரர்களின் ரொட்டி அடுப்பில் ஐந்து பார்ஸிகள் வேலை பார்த்தார்களாம். 1824 உடன்படிக்கையின்படி டச்சுக்காரர் இந்தியாவில் தமக்கிருந்த இடங்களை ஆங்கிலேயரிடம் விட்டுச் சென்றனர். அடுப்பு பராம்ஜி பெஸ்தன்ஜி டோட்டிவாலா என்ற பார்ஸியின் கைக்கு வந்தது என்று சூரத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1861-ல் தொடங்கியது என்பது அந்தக் கடையின் கணக்கு.

மாவைப் புளிக்க வைக்க அந்தக் காலத்தில் கள் சேர்த்தார்கள். கள்ளில் ஈஸ்ட் இயற்கையாகவே உண்டு, விஞ்ஞானப்படி சரிதான். வெள்ளைக்காரர்கள் குறைந்து ரொட்டி மிஞ்சியபோது, அதையே அடுப்பில் உலர்த்தி பிஸ்கட்டாக விற்றார்கள். ஆனால் ஊரில் இருந்த வைஷ்ணவர்களும் ஜைனர்களும் கள்ளையும் முட்டையையும் ஏற்பார்களா? அவர்களுக்காக இரண்டையும் நீக்கி, நெய்யை மட்டும் நம்பிச் செய்த பண்டமே நான்கட்டாய் என்பது சூரத்துக்காரர்கள் சொல்லும் வரலாறு. 'நான்' என்றால் பாரசீக மொழியில் ரொட்டி. 'கட்டாய்' என்பதைச் சீனாவின் பழைய பெயரோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு.

இதில் டச்சுக்காரரைப் பற்றியும் பார்ஸியைப் பற்றியும் அம்மாவிடம் சொன்னேன். கள் சமாசாரத்தை விட்டுவிட்டேன்.

அந்தத் தீபாவளிக்கு அடுத்த வீட்டுக் குஜராத்தி அம்மாள் நான்கட்டாயை வீட்டிலேயே சுட்டார். அம்மா அவர் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். மறுநாள் கனமான அலுமினியப் பாத்திரத்தில் ஓர் அங்குலம் மணல் பரப்பி, காயவிட்டு, உள்ளே தட்டை வைத்து மூடினார். முதல் ஈடு அடியில் கருகிற்று. இரண்டாவது ஈடு கடைச் சரக்கைத் தோற்கடித்தது!

அளவு இதுதான்: மைதா ஒன்றரைக் கப், கடலை மாவு அரைக் கப், ரவை 2 டேபிள் ஸ்பூன், பொடித்த சர்க்கரையும் உறைந்த நெய்யும் முக்கால் கப் வீதம், சோடா உப்பு கால் டீஸ்பூன், ஏலப்பொடி, துளி ஜாதிக்காய். நெய்யையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும் வரை தேய்க்க வேண்டும். அப்போது உள்ளே புகும் காற்று முட்டை செய்யும் வேலையில் ஒரு பங்கைச் செய்துவிடுகிறது. நெய் மாவின் ஒவ்வொரு துகளையும் பூசிவிடுவதால் மைதாவிலுள்ள புரதம் இழைகட்டாது. அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. ஆகவே தண்ணீர் விட்டுப் பிசையக் கூடாது. எலுமிச்சை அளவில் பாதி உருட்டி, லேசாகத் தட்டி, நடுவில் பாதாம், பிஸ்தா சீவலை அழுத்தி, ஓவன் உள்ளவர்கள் 160 டிகிரி செல்ஸியஸில் 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் சரியாகிவிடும். மேல்பக்கம் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அடி கருகிவிடும்.

சூரத்தை விட்டு வந்த பிறகும் எங்கள் தீபாவளிப் பட்டியலில் தேன்குழலுக்கும் மைசூர்பாகுக்கும் நடுவே நான்கட்டாய் இருந்தது. அம்மா 1998-ல் காலமானார்.

பேத்தியிடம் இந்தத் தடவை கள் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். "கொள்ளுப்பாட்டிக்குத் தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பா, தாத்தா?" என்றாள்.

முதலில் என்னைக் கோபித்துக்கொண்டிருப்பார். ஆனால் யோசித்துப் பார்த்தால், கள்ளையும் முட்டையையும் அந்த அடுப்பிலிருந்து வெளியேற்றியது யார்? அம்மாவைப் போல 'எனக்கு வேண்டாம்' என்று பெட்டியைத் திறக்காமல் வைத்தவர்கள்தானே! அவர்கள் மறுத்ததால்தான் இந்தப் பண்டமே பிறந்தது. இதை அம்மாவிடம் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். மறைத்ததில் அவருக்குச் சேர வேண்டிய பெருமையையும் சேர்த்து மறைத்துவிட்டேன்.

பல ஊர்களில் உத்தியோகம் பார்த்த அன்பர்கள் வீட்டிலும் இப்படி ஒரு பண்டம் வந்து குடியேறியிருக்கும். அதன் அளவை மட்டுமல்ல, கதையையும் எழுதி வையுங்கள். பாதியாக அல்ல, முழுசாக.