சுமேரிய வேளாண்மை

பண்டைய சுமேரில், அதாவது இன்றைய தென் ஈராக்கில், யூப்ரட்டீஸ், டைகிரிஸ் ஆறுகளின் கீழ்ப்பகுதியில் வளர்ந்த பாசனப் பயிர்த்தொழில். உலகின் மிகப் பழைய நகரங்களும் எழுத்தும் இதன் விளைச்சலை நம்பி எழுந்தவை.

கோதுமையும் பார்லியும் முதலில் பயிரானது வடக்கே, மழை பெய்யும் மலையடிவாரங்களில். தென்சமவெளியில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரை எட்டுவது அரிது. ஆற்றுநீர் பாய்ச்சாமல் வெள்ளாமை இல்லை. அந்த ஆறுகளும் உழவனுக்குத் தோதானவை அல்ல. நைல் கோடையில் பெருகி விதைப்புக்கு முன் வடிந்துவிடும். இவையோ மலைப்பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில், கதிர் முற்றி நிற்கும் வேளையில் கரைபுரளும். விதைக்கும் பருவத்தில் தாழ்ந்து கிடக்கும். வாய்க்கால் வெட்டி, கரை போட்டு, வண்டலைத் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

இத்தகைய பாசனத்தை நடத்தவே வல்லாட்சி தோன்றியது என்று 1957இல் வரலாற்றாய்வாளர் கார்ல் விட்ஃபோகல் வாதிட்டார். எடுப்பான கருத்துதான், ஆனால் களச் சான்று ஒத்துழைக்கவில்லை. தொல்லியலாளர் ராபர்ட் ஆடம்ஸின் ஆய்வுகளின்படி தொடக்ககால வாய்க்கால்கள் ஊராரே பேணக்கூடிய சிறு கால்கள். பெருங்கால்வாய்கள் நகரங்களுக்குப் பிந்தியவை. அரசு உருவானதில் தண்ணீரைவிடத் தானியத்துக்கே பங்கு அதிகம் எனலாம். பார்லி ஒரே பருவத்தில் முற்றும். களத்தில் குவித்து அளக்கலாம். குதிரில் சேர்த்து வைக்கலாம். வரி தண்டுவோருக்கு இதைவிட வசதியான விளைபொருள் கிடையாது.

கி.மு. 4000–3100 காலத்து உரூக் நகரில் தானியத்தின் இந்தப் பங்கு தெளிவாகத் தெரிகிறது. அங்கே முரட்டு மண்கிண்ணங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. உழைப்பவர்களுக்குப் படியளக்கப் பயன்பட்டவை என்பது பலரின் கருத்து. கி.மு. 3300ஐ ஒட்டி அங்கேயே களிமண் பலகைகளில் எழுத்து தோன்றியது. அவற்றில் பெரும்பாலானவை வரவுசெலவு: வந்த பார்லி, பீர் காய்ச்சக் கொடுத்தது, ஆடுமாடு. கதையும் பாட்டும் பலகையேறப் பல நூற்றாண்டுகள் ஆயின. உலகின் முதல் எழுத்தாளர் கணக்குப்பிள்ளைதான்.

விளைநிலத்துக்காகவும் வாய்க்கால் நீருக்காகவும் லகாஷ், உம்மா என்ற சுமேரிய நகரங்கள் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டன. லகாஷ் மன்னர் எயன்னாதும் நட்ட வெற்றிக்கல்லின் துண்டுகள் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. கி.மு. 24ஆம் நூற்றாண்டில் அக்காட் மன்னர் சார்கோன் சுமேரிய நகரங்களை வென்று ஒரே பேரரசாக்கினார்.

பாசனத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பாய்ச்சிய நீர் வெயிலில் ஆவியாக, உப்பு மண்ணில் தங்கியது. கோதுமை குறைந்து, உவர் தாங்கும் பார்லி பெருகியதை இதற்குச் சான்றாக்கி, சுமேரின் சரிவுக்கு உவரே காரணம் என்று 1958இல் சுமேரிய ஆய்வாளர் ஜேக்கப்சனும் மேற்சொன்ன ஆடம்ஸும் எழுதினர். இது மிகை என்போரும் உண்டு. நிலத்தைத் தரிசு போட்டு ஆற்றும் முறையை உழவர்கள் கையாண்டனர். சுமேரின் ஊர் (Ur) என்னும் நகரம் கி.மு. 2004 அளவில் வீழ்ந்ததும் கிழக்கிலிருந்து வந்த ஏலாமியர் படையெடுப்பில்தான். பயிர்த்தொழிலோ தொடர்ந்தது. கி.மு. 18ஆம் நூற்றாண்டின் பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டப்படி, தன் கரையைப் பேணாமல் உடையவிட்டவன் அண்டை வயலுக்கு நேர்ந்த இழப்பைத் தானியமாக ஈடுகட்ட வேண்டும். முடியாவிட்டால் அவனும் அவன் உடைமையும் விற்கப்படும்.