சான்றுச் சட்டமும் கணினி யுகமும்

சட்டம் தான் தோன்றிய காலத்துக் கருவிகளையே அறியும். பின்னர் தோன்றும் கருவிகளுக்கு அதனைப் பொருத்துவது நீதிமன்றத்தினதும் சட்டவாக்க சபையினதும் பணியாகும். இவ்வுண்மையை இலங்கையின் சான்றுச் சட்ட வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைத் தழுவியது. எழுத்தாலோ எண்ணாலோ குறியாலோ ஒரு பொருளின்மீது வெளிப்படுத்தப்படும் விடயமே ஆவணம் என அது வரையறுத்தது. உறுதிகளும் கணக்கேடுகளும் வழங்கிய சமுதாயத்துக்கு அவ்வரையறை போதுமானதாயிற்று.

ஒலிப்பதிவு நாடா வந்தபோது, 1950களில் நீதிமன்றங்கள் பழைய சொற்களை விரித்துப் பொருள்கொண்டு அதனைச் சான்றாக ஏற்றன. ஆயின் கணினி அவ்வாறு எளிதில் அடங்கவில்லை. 1970களின் இறுதியில் பென்வெல் வழக்கிலே, கணினிச் சான்று மூலச் சான்றுமன்று, வழிச் சான்றுமன்று, அது தனியொரு வகையினது எனக் கருதப்பட்டு ஏற்க மறுக்கப்பட்டது. இது வெறும் பழமைவாதம் அன்று. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். எந்திரத்தை அவ்வாறு வினவ இயலாதன்றோ?

இவ்விடைவெளியை நிரப்பியது, சரியாக நூறாண்டுகளின் பின் இயற்றப்பட்ட 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (சிறப்பேற்பாடுகள்) சட்டமாகும். கணினி உரியவாறு இயங்கியமை காட்டப்படல் வேண்டும். விசாரணைக்கு 45 நாள்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் வேண்டும் என அது விதித்தது. ஓர் அலுவலகத்தின் ஒரு கணினிக்கு இந்நிபந்தனைகள் பொருந்தின. இணையமோ பல நாடுகளிலுள்ள பல கணினிகளூடாகச் செய்தியைக் கடத்துவது. அவை அனைத்தும் உரியவாறு இயங்கின என யார் உறுதி கூறுவார்?

எனவே 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வேறு வழியை நாடியது. தன் எல்லைக்குட்பட்ட விடயங்களில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தை அது விலக்கியது. மறுதலை நிரூபிக்கப்படும்வரை இலத்திரனியல் தகவலை உண்மையென ஊகிக்குமாறு நீதிமன்றத்தைப் பணித்தது. எனினும் இறுதி விருப்பாவணமும் காணிக் கைமாற்றமும் அதில் விலக்களிக்கப்பட்டன. பரம்பரைச் சொத்து வகையில் சட்டம் கையொப்பத்தையே நம்பியது.

இம்மாற்றத்தால் நிரூபிக்கும் பாரம் இடம்பெயர்ந்தது என்பது ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. கூலி தருவதாகக் கூறிய குறுந்தகவலைத் தவிர வேறு சான்றில்லாத தொழிலாளிக்கு இது அரண். தன் பெயரால் போலிச் செய்தி புனையப்பட்டவனுக்கோ இதுவே பெருஞ்சுமை. அதனைப் பொய்யென நிறுவும் தொழினுட்ப அறிவும் பொருள்வளமும் எளியோரிடம் இருப்பது அரிது. சொன்னவர் யார், அவரை வினவ இயலுமா என 1895ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட வினாக்கள் இன்றும் பழையனவாகிவிடவில்லை. அவற்றைக் கைவிடாது புதிய கருவியை ஏற்பதே சட்டத்தின் உண்மையான வளர்ச்சியாகும்.