சுங்கை சிப்புட்டில் வாக்கு மாறிய கதை



தேர்தல் முடிந்தால் நம் தோட்டங்களில் பேச்சு முடிவதில்லை. யார் ஏன் தோற்றார் என்று பால் கொட்டகையிலும் கோயில் திடலிலும் ஒரு மாதம் விவாதம் நடக்கும். 2008 மார்ச் 8 தேர்தலுக்குப் பின் எல்லார் வாயிலும் அடிபட்ட ஊர் சுங்கை சிப்புட். சூடு மிகுந்த பேச்சு அது; விவரந்தான் குறைவு.

ஈப்போவுக்கு வடக்கே உள்ள அத்தொகுதியை 1959 முதல் ம.இ.கா. வைத்திருந்தது. முதலில் துன் வீ.தி. சம்பந்தன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலம் அது. வேலையும் வீடும் ஒருசேரப் போன குடும்பங்கள் எத்தனையோ! 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டியே தோட்டங்களை வாங்கியது. நம்மவர் ஒருவர் அமைச்சரவையில் இருந்தால் லயத்துக்கு நன்மை வரும் என்ற நம்பிக்கை இங்கேதான் வேர்விட்டது.

1974 முதல் அந்த நம்பிக்கையின் பேரில் வாக்குப் பெற்றவர் டத்தோ ஸ்ரீ ச. சாமிவேலு. அவரும் பால்மரத் தொழிலாளியின் மகனே. மானியம், பள்ளிக் கட்டடம், கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் என்று அவர் பக்கம் சொல்ல நிறைய உண்டு.

எதிர்த்து நின்ற டாக்டர் மைக்கல் ஜெயகுமார் தேவராஜ் வேறொன்றைச் சொன்னார். தோட்டம் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ மாறும்போது, மூன்று தலைமுறை உழைத்தவனுக்கு வீடு கிடைப்பது தலைவரின் தயவாக இருக்கக்கூடாது, உரிமையாக இருக்கவேண்டும். கூலிக்கும் அதே வாதம். கேட்டு வாங்கித் தருவதா, சட்டத்தில் எழுதிவைப்பதா? இரு தரப்புக்கும் இடையே இருந்த கொள்கை வேறுபாடு இதுதான். 1999-இலும் 2004-இலும் அவர் இதைச் சொல்லித் தோற்றார்.

அப்படியானால் 2008-இல் மட்டும் எப்படி வென்றார்? 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் நடந்த இண்ட்ராப் பேரணியும், கோயில்கள் இடிபட்ட வேதனையும் நம் மக்களை உலுக்கியிருந்தன. ஆனால் இந்தியர் வாக்கு மட்டுமே அவரைத் தோற்கடித்தது என்பதை நாம் ஏற்பதற்கில்லை. அத்தொகுதியில் எந்த ஓர் இனமும் பெரும்பான்மை இல்லை. நாடெங்கும் விலைவாசியும் ஊழலும் பேசப்பட்ட தேர்தல் அது. தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது. பேரா ஆட்சியே கைமாறியது. டாக்டரின் பெரும்பான்மை 1,821 வாக்குகள்தான். சட்ட வழியில் குறைந்தபட்ச ஊதியம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது, தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி.

இன்னொரு செய்தியும் உண்டு. டாக்டர் சார்ந்த மலேசிய சோசலிஸ்ட் கட்சிக்கு 2008 தேர்தலின்போது பதிவு கிடைத்திருக்கவில்லை; மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் நின்றார். 2013-இலும் அதே சின்னம், மறுபடியும் வெற்றி. 2018-இல் தம் சொந்தக் கட்சியின் சின்னத்தில் நின்றார், வைப்புத்தொகையையே இழந்தார். ஆளைப் பார்த்துத்தான் போட்டோம் என்று 2008-இல் சொன்னவர்கள் நம்மில் பலர். அந்த ஆள் 2018-இலும் அதே டாக்டர்தான். தொகுதியை வென்றவர் மக்கள் நீதிக் கட்சியின் புதிய வேட்பாளர்.