வீட்டுமனை என்னும் கயிறு: சென்னையில் நம் மக்கள் கொடுத்துவரும் விலை

பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் ஓர் அக்காவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கூவம் கரையில் குடியிருந்தவரை அவர் மூன்று வீடுகளில் வேலை செய்தார். மூன்றுக்கும் நடந்தே போய்விடுவார். இங்கே கொண்டுவந்து விட்ட பிறகு ஒரு வீட்டு வேலையை மட்டும் விடாமல் பிடித்துவைத்திருக்கிறார். வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் காசு செலவில்லை. ஆனால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். "வாடகை இல்லாத வீடுன்னு எல்லாரும் சொல்றாங்க. போன ரெண்டு வீட்டுச் சம்பளத்த யாரு கணக்குல எழுதுறது?" என்று கேட்டார்.

சென்னையில் வாழக் கட்டுப்படியாகவில்லை என்ற பேச்சு இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. வாடகை, அட்வான்ஸ், பெட்ரோல், பள்ளிக் கட்டணம் என்று நடுத்தர வர்க்கம் புலம்புகிறது. புலம்பலில் நியாயம் இருக்கிறது. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. பத்து மாதம் கேட்கும் வீட்டு உரிமையாளர்களுக்கு அந்த "வேறு ஒப்பந்தம்" போதும். ஆனால் நாம் வீடு தேடிப் போகும்போது வாடகைப் பேச்சுக்கு முன்பே வேறு பேச்சு வந்துவிடுகிறது. "வெஜிடேரியனா?" என்பார்கள். கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்கள் "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவே கேட்பார்கள். பணம் இருந்தும் வீடு கிடைக்காதவர்களின் நிலை எந்த விலைவாசிப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இந்தக் கதை சென்னையில் தொடங்கவில்லை. பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டில் தொடங்குகிறது. 1891இல் அங்கே ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதை வைத்துத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அந்த அறிக்கையில் விவசாய நிலத்துக்கு இணையாக இன்னொரு செய்தியும் இருக்கிறது. அது குடிசை போட்டிருக்கும் மனை பற்றியது. சேரியில் நம் பாட்டன் பூட்டன் குடியிருந்த மண்கூட மிராசுதாரின் பிடியில்தான் இருந்தது. பண்ணை வேலையை விட்டுப் போகிறேன் என்றால் குடிசையைக் காலி செய்ய வேண்டும். எதிர்த்துப் பேசினாலும் அதே கதிதான். சவுக்கைவிட இந்த மனைதான் ஆட்களைக் கட்டிப்போட்ட கயிறு. அதனால்தான் 1920 வாக்கில் தொழிலாளர் துறை வந்து, நிலம் கையகப்படுத்தி வீட்டுமனை கொடுக்கத் தொடங்கியபோது மிராசுதார்கள் அவ்வளவு கூச்சல் போட்டார்கள். மனை சும்மா கிடைக்கவில்லை, அதற்கும் நம் மக்கள் தவணை முறையில் பணம் கட்டினார்கள்.

அந்தக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த இடம்தான் மதராஸ். துறைமுகம், ரயில்வே, பெரம்பூர் ஆலைகள், வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைகள் என்று இங்கே வேலை கிடைத்தது. வேலை கொடுப்பவரும் குடியிருக்கும் மண்ணுக்குச் சொந்தக்காரரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. ரெட்டமலை சீனிவாசனின் 'பறையன்' 1893இலும், அயோத்திதாசப் பண்டிதரின் பத்திரிகை 1907இலும் இங்கிருந்தே வெளிவந்தன. பத்திரிகை நடத்தவும் சங்கம் வைக்கவும் கூலி வேலைக்கு அப்பால் கொஞ்சம் நேரமும், கொளுத்தப்படாத ஒரு கூரையும் வேண்டும் அல்லவா?

அந்தக் கூரையும் 1921இல் கொளுத்தப்பட்டது. பக்கிங்காம் கர்னாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் குடியிருந்த புளியந்தோப்பில் குடிசைகள் எரிக்கப்பட்டன. வேலைநிறுத்தத்தை உடைத்தது சரியா தவறா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. அது நடக்கட்டும். நம் கவனத்துக்கு உரியது வேறு: தகராறு முற்றியதும் ஆதிதிராவிடர்களைப் புளியந்தோப்பிலிருந்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்ற யோசனை எழுந்தது. எம்.சி. ராஜா போன்றோர் எதிர்த்து நின்றார்கள். யோசனை அப்போதைக்கு அடங்கியது.

1970இல் குடிசை மாற்று வாரியம், 1971இல் அதற்கான சட்டம். அதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். முதல் காலகட்டத்தில் குடிசை இருந்த இடத்திலோ பக்கத்திலோதான் பெரும்பாலும் அடுக்குமாடிகள் கட்டப்பட்டன. குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்தால் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1971இல் அப்படி 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17 சேர்ந்தன. பிறகு பல பத்தாண்டுகளுக்குச் சென்னையில் பட்டியல் நீளவில்லை. நகரம் எத்தனை மடங்கு வளர்ந்தது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள் எல்லோரும் "ஆக்கிரமிப்பாளர்கள்" ஆனார்கள்.

2000 வாக்கில் கண்ணகி நகர் வந்தது. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அடுத்து பெரும்பாக்கம். 1891 அறிக்கை எழுதப்பட்டதே, அதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்தான் இது. இந்த மாவட்டத்தில்தான் 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காகத் துப்பாக்கிச்சூடு நடந்து, ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். நிலம் கேட்டபோது குண்டு கிடைத்த மாவட்டத்தில், கேட்காதபோது எட்டு மாடி கிடைத்தது!

2019 இறுதியில் சென்ட்ரல் அருகே கூவம் கரையில் இருந்த சத்தியவாணிமுத்து நகரை இடிக்கத் தொடங்கினார்கள். பள்ளி ஆண்டின் நடுவே, குடும்பங்கள் 25 கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. சத்தியவாணி முத்து யார்? தி.மு.க. அமைச்சரவையில் இருந்து, தாழ்த்தப்பட்டோருக்கு நீதி கிடைக்கவில்லை என்று 1974இல் வெளியேறித் தனிக் கட்சி கண்டவர். அவர் பெயர் கொண்ட குடியிருப்பு இன்று அங்கே இல்லை.

நதிக்கரையில் வெள்ள ஆபத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 2015இல் பார்த்தோம். ஆனால் கொண்டுபோய்விட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம். மழைக்காலத்தில் செம்மஞ்சேரியில் முழங்கால் தண்ணீரில் நடந்தே வீடுகளுக்குப் போயிருக்கிறோம். வெளியேற்றப்பட்டவர்கள் எல்லோரும் தலித்துகள் அல்லர் என்பதும் உண்மை. முஸ்லிம்கள், மீனவர்கள், பிற ஏழைகள் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் எந்த பிளாக்கில் ஏறினாலும் சுவரில் அண்ணல் படம் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை இருப்பதைப் பெண்கள் நிம்மதியோடு சொல்கிறார்கள், அதையும் மறைக்கக் கூடாது. அதே பெண்கள்தான் வேலை கேட்டுப் போகும்போது முகவரியை மாற்றிச் சொல்கிறார்கள். முன்பு "சேரி" என்ற சொல் செய்த வேலையை இப்போது "கண்ணகி நகர்" செய்கிறது.

வாங்கத்தக்க விலையில் வீடு என்று அரசு சொல்லும்போது கட்டடத்தின் விலையைத்தான் கணக்கில் எடுக்கிறது. வேலைக்குப் பக்கத்தில் இருப்பதன் விலை அதில் இல்லை. வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான கயிற்றை அறுக்கத்தான் நம் முன்னோர் நகரத்துக்கு வந்தார்கள். இப்போது கயிறு வேறு மாதிரி கட்டப்படுகிறது. வீடு உண்டு, வேலை எட்டாத தூரத்தில். மிராசுதார் வேலையை விட்டால் வீட்டைப் பிடுங்கினார். வாரியம் வீட்டைக் கொடுத்து வேலையைப் பிடுங்குகிறது.

நகரத்துக்குள்ளேயே கிடைத்தால்? புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிய அடுக்குமாடி கட்டினார்கள். 2021இல், குடிசைகள் எரிந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, பயனாளிகள் பங்குத் தொகையாக ஒன்றரை லட்சம் கேட்டார்கள். தலைமுறைகளாக அங்கேயே இருந்தவர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பக் கட்ட வேண்டிய தொகை அது. குடிவந்த சில நாளில் சுவரைக் கையால் தடவினால் பூச்சு உதிர்ந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அடுத்த மாதம் வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள்.

பெரும்பாக்கத்து அக்காவிடம் போன வாரம் பேசினோம். மிச்சமிருந்த ஒரு வீட்டையும் விடப்போகிறாராம். வேலை முடித்து இரவு ஏழு மணிக்கு மேல் வந்து சேர்வதால், பெண் குழந்தை தனியாக இருக்கிறது என்பது காரணம்.