ஆம்ப்ளிஃபயர் பவர் சுவிட்ச் சுற்று

ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரத்தைக் கொடுக்கவும் துண்டிக்கவும் அமைந்த பகுதி பவர் சுவிட்ச் சுற்று எனப்படும். சுவிட்சுடன் ஃபியூஸ், ரிலே, தொடக்க ஓட்டத்தை மட்டுப்படுத்தும் மின்தடை ஆகியவையும் இதில் அடங்கும். சென்னை ரிச்சி தெருவில் 4440 போர்டும் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிக் கட்டிய செட்டுக்குச் சாதாரண சுவிட்ச் ஒன்றே போதும். அதே பெட்டியில் இரண்டு டிடிஏ7294 போர்டுகளையும் 300 விஏ டொராய்டு டிரான்ஸ்ஃபார்மரையும் ஏற்றினால், சுவிட்ச் சுற்றையும் மாற்றியே ஆக வேண்டும்.

காரணம் தொடக்க ஓட்டம். டொராய்டின் வளைய உள்ளகத்தில் காற்றிடைவெளி இல்லை. கடைசியாக அணைத்தபோது இருந்த காந்தத்தில் ஒரு பகுதி அதில் தங்கிவிடும். அடுத்த முறை, மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் கணத்தில் சுவிட்ச் விழுந்தால் உள்ளகம் தெவிட்டுகிறது. அப்போது முதன்மைச் சுருளின் சில ஓம் மின்தடையைத் தவிர ஓட்டத்தைத் தடுக்க எதுவும் இல்லை. 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சமோ 325 வோல்ட். போதாததற்கு, காலியாக இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களும் முதல் சில சுழற்சிகளுக்கு ஷார்ட் போலவே நடந்துகொள்ளும். சுவிட்சின் தொடுமுனை கருகுவதும் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அளவில் பெரியதைப் போடுவது தீர்வல்ல; உண்மையான பழுது வரும் நாளில் அது காப்பாற்றாது. தேவையானது அதே அளவில், மெதுவாக உருகும் வகை ஃபியூஸ்.

வழக்கமான தீர்வு, முதன்மைச் சுருளுக்குத் தொடராக 47 ஓம், 10 வாட் வயர்வவுண்ட் மின்தடை வைப்பது. உள்ளகம் முழுதும் தெவிட்டினாலும் ஓட்டம் 7 ஆம்பியரைத் தாண்டாது. அரை விநாடி முதல் ஒரு விநாடிக்குள் ரிலே ஒன்று இந்த மின்தடையின் இரு முனைகளையும் இணைத்து அதை விலக்கிவிடும். ரிலே இழுக்காமல் போனால் முழு ஓட்டமும் மின்தடை வழியே தொடரும், அது சிவக்கச் சூடாகும். எனவே அதன் உடலோடு ஒட்டி ஒரு வெப்ப ஃபியூஸ் இருப்பது கட்டாயம். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ரிலேவுக்குப் பதில் என்டிசி தெர்மிஸ்டர் வைப்பதும் உண்டு. எளிது, ஆனால் சூடாக இருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு. மின்சாரம் போய் உடனே திரும்பி வரும் ஊர்களில், தேவையான அந்த நேரத்தில் அது உதவாது.

சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. 230 வோல்ட் கம்பிகளை முன்பலகை வரை இழுத்தால், வால்யூம் கட்டுப்பாட்டின் அருகே அவை ஓடி ஸ்பீக்கரில் 'ஹம்' ஓசையைக் கொண்டுவரும். மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே ஒன்றைப் பின்பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் அருகிலேயே வைத்து, முன்பலகையில் 12 வோல்ட் மட்டும் ஓடும் சிறு பட்டன் போடுவதே மேலான முறை. அழுத்தி விடும் பட்டன் என்றால் 4013 ஃபிளிப்ஃபிளாப் ஐசி அதன் நிலையை நினைவில் வைக்கும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும்போது செட் அணைந்த நிலையிலேயே எழும்படி அதன் ரீசெட் முனையில் ஒரு கெபாசிட்டரும் மின்தடையும் சேர்க்க வேண்டும். ரிலேச் சுருளின் குறுக்கே 1என்4007 டயோடு தலைகீழாக இருக்க வேண்டும். இல்லையேல் ரிலே விடும்போது எழும் உயர் மின்னழுத்தம் அதை இயக்கும் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

நம் வீடுகளில் இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். ஆகவே இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் சுவிட்சோ ரிலேவோதான் ஏற்றது. உலோகப் பெட்டியாக இருந்தால் மூன்று பின் பிளக்கும் எர்த் இணைப்பும் வேண்டும். தீப்பொறியை அடக்க சுவிட்சின் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டர் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அணைத்த பிறகும் அதன் வழியே சுமார் 7 மில்லியாம்பியர் வரை கசியும்.

டிசி பக்கத்தில் சுவிட்ச் வைப்பது தவறு. ஏசி ஓட்டம் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் தீப்பொறி தானே அணைகிறது. டிசியில் அது தொடர்ந்து எரியும். பிளஸ், மைனஸ் என இரட்டை மின்னழுத்தம் கொண்ட செட்டில் ஒரு பக்கம் முந்தித் துண்டிக்கப்பட்டால் ஸ்பீக்கருக்கு நேரடியாக டிசி போய் அதன் சுருள் கருகலாம்.

செட்டைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஸ்பீக்கரில் எழும் 'டப்' என்ற ஓசையைத் தடுக்க டிடிஏ7294 ஐசியிலேயே வழி உண்டு. அதன் 9ஆம் முனை ஸ்டாண்ட்பை, 10ஆம் முனை மியூட். மின்சாரம் நிலைத்த பின் முதலில் ஸ்டாண்ட்பையும் பிறகு மியூட்டும் விலக வேண்டும். அணைக்கும்போது வரிசை தலைகீழ்.

10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று 35 வோல்ட்டில் 6 ஜூல் ஆற்றலைத் தாங்கி நிற்கும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 2.2 கிலோ ஓம், 1 வாட் மின்தடை இருந்தால் சுமார் இரண்டு நிமிடத்தில் அது வடிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, அந்த இரண்டு நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள்.